பத்து பேர் கத்தினால் படத்தை நிறுத்திவிடலாமா?

போன இதழில் ஒரு வாசகருக்குப் பதில் சொல்லும்போது, ஒரு படம் யாரையோ புண்படுத்துகிறது என்பது மட்டும் அதைத் தடை செய்யப் போதாது என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கே ஒரு கட்டுக் கடிதம் வந்துவிட்டது. அதனால் இந்த முறை சட்டக் கேள்விகளையும் பட விமர்சனக் கேள்விகளையும் தனித்தனியாகப் பிரிக்கவில்லை. பகலில் கோர்ட், ராத்திரியில் சினிமா என்று முப்பது வருஷம் ஓடியிருக்கிறது, எனக்கு இரண்டும் ஒரே வீட்டுச் சமாச்சாரம்தான்.

கேள்வி: புண்படுத்தும் படம் வெளியாகி, அதனால் அடிதடி நடந்தால் யார் பொறுப்பு? வருமுன் காப்பது அரசின் கடமை இல்லையா? (ஒரு வாசகர், மதுரை)

பதில்: காப்பது கடமைதான், சார். யாரைக் காப்பது என்பதில்தான் நீங்களும் நானும் பிரிகிறோம். படம் எடுத்தவன் கையில் சென்சார் சான்றிதழ் இருக்கிறது, தியேட்டரை உடைப்பேன் என்று சொல்பவன் கையில் கல் இருக்கிறது. இதில் யாரைப் பிடித்து உள்ளே வைக்க வேண்டும்?

இந்தக் கேள்விக்கு உச்ச நீதிமன்றம் 1989லேயே பதில் சொல்லிவிட்டது, அதுவும் ஒரு தமிழ்ப் படத்தை வைத்து. 'ஒரே ஒரு கிராமத்திலே' என்ற படம். கவிஞர் வாலி எழுதியது, லட்சுமி நடித்தது. பிராமணக் குடும்பத்துப் பெண் ஒருத்தி, தாழ்த்தப்பட்ட சாதி என்று பொய்ச் சான்றிதழ் வாங்கி, பெயரையும் மாற்றிக்கொண்டு ஐ.ஏ.எஸ். ஆகிறாள், அப்புறம் உண்மை வெளியே வருகிறது. சாதி அடிப்படையிலான இடஒதுக்கீடு கூடாது, பொருளாதாரத்தைப் பார்த்துக் கொடுங்கள் என்பது படத்தின் வாதம். சென்சாரிலேயே இழுபறி. மறுபரிசீலனைக் குழுவில் ஐந்துக்கு நாலு என்ற கணக்கில்தான் 'யு' சான்றிதழ் தேறியது. எதிர்த்து வழக்குப் போட்டார்கள். சென்னை உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி தள்ளுபடி செய்தார், மேல்முறையீட்டில் இரு நீதிபதிகள் அமர்வு சான்றிதழையே ரத்து செய்துவிட்டது. தயாரிப்பாளர் ரங்கராஜன் டெல்லிக்குப் போனார்.

அங்கே தமிழக அரசின் தரப்பில் வைத்த முக்கியமான வாதம் நீங்கள் கேட்டதேதான்: படம் ஓடினால் போராட்டம் வரும், சட்டம் ஒழுங்கு கெடும். மூன்று நீதிபதிகள் சேர்ந்து இதை நிராகரித்தார்கள். ஊர்வலம் போவேன், வன்முறை நடக்கும் என்ற மிரட்டலுக்காகக் கருத்துரிமையை நசுக்கினால் அது சட்டத்தின் ஆட்சியை மறுப்பது, பயமுறுத்தலுக்குப் பணிவது என்றார்கள். எதிர்ப்பைச் சமாளிக்க முடியாது என்று அரசு கையை விரிக்கக் கூடாது, அதைத் தடுப்பதுதான் அரசின் வேலை என்றார்கள். படத்துக்கும் ஆபத்துக்கும் உள்ள தொடர்பு, வெடிமருந்துக் கிடங்கில் விழும் தீப்பொறி போல நேரடியாக, உடனடியாக இருக்க வேண்டும். எப்போதோ எங்கேயோ ஏதோ நடக்கலாம் என்ற ஊகம் போதாது.

இந்தியாவில் எந்தக் கோர்ட்டில் பட வழக்கு வந்தாலும் இந்தத் தீர்ப்பைத்தான் முதலில் எடுத்து நீட்டுவோம். 2011இல் 'ஆரக்ஷண்' இந்திப் படத்துக்கு உத்தரப் பிரதேசம் விதித்த தடை விழுந்ததும், 2018இல் 'பத்மாவத்' படத்துக்கு ராஜஸ்தானும் குஜராத்தும் போட்ட தடை உத்தரவுகள் நிறுத்தி வைக்கப்பட்டதும் இந்த வழியில்தான்.

கேள்வி: இடஒதுக்கீட்டை எதிர்க்கும் படத்துக்கு ஆதரவான தீர்ப்பை நீங்கள் தூக்கிப் பிடிக்கிறீர்களே, அந்தப் படத்தின் கருத்து உங்களுக்கு உடன்பாடா? (ஓய்வு பெற்ற ஆசிரியை, தஞ்சாவூர்)

பதில்: துளியும் உடன்பாடு இல்லை, அம்மா. அந்தப் படம் பொய்ச் சான்றிதழ் வாங்கியவளின் கண்ணீரைக் காட்டுகிற அளவுக்கு, அந்தச் சான்றிதழால் இடம் இழந்த இன்னொரு பெண்ணைப் பற்றிக் கவலைப்படவில்லை. குடிசையில் தெருவிளக்கில் படித்துவிட்டு மார்க் பட்டியலில் தன் பெயரைத் தேடிய ஒருத்தி இருந்திருப்பாள் இல்லையா? அவள் கதைதான் எனக்கு முக்கியம். ஆனால் அந்தப் படத்துக்கு என் பதில் இன்னொரு படமாகவோ, கட்டுரையாகவோ, மேடைப் பேச்சாகவோ இருக்க வேண்டும். பூட்டாக இருக்கக் கூடாது. இன்றைக்கு எனக்குப் பிடிக்காத படத்துக்குப் பூட்டுப் போட்டால், நாளைக்கு ஒரு தலித் இயக்குநர் எடுக்கும் படத்துக்கு அதே பூட்டு வரும். வந்தும் இருக்கிறது.

இதில் பலர் கவனிக்காத ஒரு சங்கதி சொல்கிறேன். பேச்சுரிமைக்கும் இடஒதுக்கீட்டுக்கும் அரசியல் சாசனத்தில் ஒரே நாளில் முடிச்சுப் போட்டவை சென்னை மாகாணத்திலிருந்து போன இரண்டு வழக்குகள். முதலாவது, 1950இல் ரொமேஷ் தாப்பர் வழக்கு. பம்பாயிலிருந்து வந்த 'கிராஸ் ரோட்ஸ்' என்ற வாரப் பத்திரிகை சென்னை மாகாணத்துக்குள் வரக் கூடாது என்று அன்றைய அரசு தடை போட்டது, உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இரண்டாவது, 1951இல் செண்பகம் துரைராஜன் வழக்கு. கல்லூரி இடங்களை 14, 14ஆகப் பிரித்து, பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, ஆதிதிராவிடர்களுக்கு 2, கிறிஸ்தவர் மற்றும் ஆங்கிலோ இந்தியர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1 என்று கொடுத்த வகுப்புவாரி அரசாணையை உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. தமிழ்நாடு கொதித்தது. அதே வருஷம் ஜூனில் வந்த முதல் சட்டத்திருத்தம், ஒரு கையால் 15(4) என்ற பிரிவைச் சேர்த்து இடஒதுக்கீட்டுக்கு வழி திறந்தது, இன்னொரு கையால் 19(2)ஐத் திருத்தி 'பொது ஒழுங்கு' என்ற காரணத்துக்காகவும் பேச்சைக் கட்டுப்படுத்தலாம் என்றது. நல்லவேளையாக, அந்தக் கட்டுப்பாடு 'நியாயமானதாக' இருக்க வேண்டும் என்ற ஒரு சொல்லையும் அப்போதுதான் சேர்த்தார்கள். 'ஒரே ஒரு கிராமத்திலே' தப்பித்தது அந்த ஒரு சொல்லால்தான்.

கேள்வி: சினிமாக் கோர்ட்டில் நீதிபதி சுத்தியலால் தட்டுகிறாரே, நிஜத்தில் உண்டா? (பிளஸ் டூ மாணவன், தேனி)

பதில்: இல்லை தம்பி. நம் நாட்டுக் கோர்ட்டில் சுத்தியல் கிடையாது. பகவத் கீதை மேல் கை வைத்துச் சத்தியம் வாங்குவதும் இல்லை, வாயால் உறுதிமொழி சொன்னால் போதும். எங்கள் கோர்ட்டில் நீ அதிகம் பார்க்கப் போவது காத்திருக்கும் முகங்களைத்தான்.

கேள்வி: "எங்கள் மனம் புண்பட்டது" என்று ஒருவர் சொன்னால், அது உண்மையா என்று நீதிமன்றம் எந்த அளவுகோலில் அளக்கும்? (சட்டக் கல்லூரி மாணவி, திருச்சி)

பதில்: அருமையான கேள்வி. இதற்கு நீங்கள் ஒரு டி.வி. தொடரைப் பார்க்க வேண்டும், ஒரு தீர்ப்பைப் படிக்க வேண்டும். இரண்டுக்கும் பெயர் 'தமஸ்'தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1988 ஜனவரியில் தூர்தர்ஷனில் ஓடியது. பீஷ்ம சாஹ்னியின் இந்தி நாவல், கோவிந்த் நிஹலானி இயக்கம். நாட்டுப் பிரிவினைக்கு முந்தைய நாட்கள். தோல் பதனிடும் தொழிலாளி நத்துவாக ஓம் புரி. கால்நடை மருத்துவருக்கு வேண்டும் என்று பொய் சொல்லி, காசைக் கையில் திணித்து, ஒரு பன்றியைக் கொல்லச் சொல்கிறார்கள். அந்தப் பாழடைந்த குடிசைக்குள் ராத்திரி முழுக்க அவனும் அந்தப் பன்றியும் மோதிக்கொள்ளும் காட்சி இருக்கிறதே, அதை நான் பார்த்தபோது எனக்கு இந்தி ஒரு வார்த்தை தெரியாது. ஆனாலும் மூச்சு முட்டியது. மறுநாள் அந்தப் பன்றி மசூதிப் படிக்கட்டில் கிடக்கிறது, ஊர் பற்றி எரிகிறது. பற்ற வைத்தவர்கள் பின்னால் நிற்கிறார்கள், தன் கையால்தான் இதெல்லாம் நடந்தது என்ற எண்ணம் நத்துவைத் தின்கிறது. அவன் முகத்தில் நிஹலானி கேமராவை எவ்வளவு நேரம் நிறுத்துகிறார் என்று பாருங்கள்.

இந்தத் தொடர் மதக் கலவரத்தைத் தூண்டும் என்று பம்பாய் உயர் நீதிமன்றத்தில் வழக்கு. தனி நீதிபதி தடை கொடுத்தார். மேல்முறையீட்டில் லென்டின், சுஜாதா மனோகர் என்ற இரண்டு நீதிபதிகள் முழுத் தொடரையும் உட்கார்ந்து பார்த்துவிட்டு, தடையை நீக்கினார்கள். அப்புறம் விஷயம் உச்ச நீதிமன்றத்துக்கும் வந்தது. அங்கே கையில் எடுத்த அளவுகோல் முன்பே நாக்பூரில் நீதிபதி விவியன் போஸ் சொன்னது. சொற்களின் விளைவை நியாயமும் மன உறுதியும் துணிவும் உள்ள மனிதரின் அளவில் வைத்துப் பார்க்க வேண்டும், சட்டென்று ஆடிப்போகிற மனத்தையோ, எதிர்க்கருத்து எதிலும் ஆபத்தை மோப்பம் பிடிக்கிற மனத்தையோ வைத்து அளக்கக் கூடாது.

மாணவி என்பதால் உங்களிடம் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. அந்த நீதிபதிகள் முதலில் படத்தைப் பார்த்தார்கள், அப்புறம்தான் முடிவு சொன்னார்கள். இன்று பட வழக்குகளில் மனு போடுகிறவர்களில் டிரெய்லரை மட்டும் பார்த்தவர்கள், போஸ்டரை மட்டும் பார்த்தவர்கள் எத்தனையோ பேர். நீங்கள் வக்கீலானால் உங்களிடம் வரும் கட்சிக்காரரிடம் முதல் கேள்வியாக "முழுப் படமும் பார்த்தீர்களா?" என்று கேளுங்கள்.

கேள்வி: 'பேண்டிட் குயின்' படத்தின் அந்தக் கிணற்றடிக் காட்சியை என்னால் முழுதாகப் பார்க்க முடியவில்லை. அதை எப்படி அனுமதித்தார்கள்? (குடும்பத் தலைவி, நாகர்கோவில்)

பதில்: உங்களைப் போலத்தான் நானும். சம்பல் கொள்ளைக்காரி பூலன் தேவியாக சீமா பிஸ்வாஸ், இயக்கம் சேகர் கபூர். ஒரு பெண்ணை நிர்வாணமாக்கி, ஊரே வளைந்து நின்று பார்க்க, கிணற்றிலிருந்து தண்ணீர் இறைத்துவரச் சொல்லும் காட்சி. சென்சார் வாரியம் வெட்டச் சொன்னது, மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 'ஏ' சான்றிதழ் கொடுத்தது. அந்தத் தீர்ப்பாயத்தின் தலைவர் யார் தெரியுமா? 'தமஸ்' பார்த்த அதே லென்டின்தான், ஓய்வுக்குப் பிறகு. கூட இருந்த மூன்று உறுப்பினர்களும் பெண்கள். படம் தங்கள் சமூகத்தையும் பெண்மையையும் இழிவுபடுத்துகிறது என்று ஒருவர் டெல்லி உயர் நீதிமன்றம் போனார், அங்கே சான்றிதழ் ரத்தானது. 1996இல் உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பிக் கொடுத்தது. அந்தக் காட்சி பார்ப்பவனுக்குக் காமத்தை எழுப்புவதற்காக வைத்ததல்ல, அந்தப் பெண்ணிடம் இரக்கத்தையும் அந்த ஆண்களிடம் அருவருப்பையும் எழுப்புவதற்காக வைத்தது என்றார்கள். உங்களால் பார்க்க முடியவில்லை என்றீர்களே, அதுதான் காட்சியின் நோக்கம் என்பது நீதிமன்றத்தின் வாதம்.

அந்த அளவில் நான் ஏற்கிறேன். ஆனால் இந்தத் தீர்ப்பில் எனக்கு இன்றும் உறுத்தும் ஓர் இடம் உண்டு, அதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. பார்ப்பவர் என்ன நினைப்பார் என்று அத்தனை பேரும் கேட்டார்கள். காட்டப்பட்டவள் என்ன நினைத்தாள்? பூலன் தேவி அப்போது உயிரோடு இருந்தார். தன் வாழ்க்கையைத் தன் சம்மதம் இல்லாமல் இப்படிக் காட்டக் கூடாது என்று அவரே 1994இல் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போய் இடைக்காலத் தடை வாங்கினார். பின்னால் அது சமரசமாக முடிந்தது. அவர் 1996இல் எம்.பி. ஆனார், 2001இல் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அதே 1994இல்தான் நம் ஊர் ஆட்டோ சங்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சிறையில் அவர் எழுதிய சுயசரிதையை 'நக்கீரன்' வெளியிட இருந்தது, அதிகாரிகள் தடுக்கப் பார்த்தார்கள். அப்படி முன்கூட்டியே தடுக்க அரசுக்கு அதிகாரமில்லை, பொது ஆவணங்களில் உள்ளதை எழுத யார் சம்மதமும் வேண்டாம் என்று தீர்ப்பு. ஆனால் ஒரு விதிவிலக்கு வைத்தார்கள்: பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணின் பெயரையும் நடந்ததையும் ஊடகத்தில் போட்டு அவளை மறுபடி இழிவுபடுத்தக் கூடாது. இந்த இரண்டு தீர்ப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் என் மனசு 'பேண்டிட் குயின்' தீர்ப்பை விட ஆட்டோ சங்கர் தீர்ப்பின் அந்த ஒரு பத்தியின் பக்கம்தான் சாய்கிறது. படம் நல்ல படம். சீமா பிஸ்வாஸின் நடிப்புக்கு ஈடு சொல்ல எனக்குச் சட்டென்று பெயர் வரவில்லை. ஆனாலும் சம்பந்தப்பட்டவரின் "வேண்டாம்" என்ற சொல், ஊர்க்காரர் யாரோ சொல்லும் "புண்பட்டது" என்ற சொல்லை விட எனக்குப் பல மடங்கு கனமானது.

கேள்வி: ஓ.டி.டி. தொடர்களுக்கு ஏன் சென்சார் இல்லை? (ஒரு வாசகர், ஈரோடு)

பதில்: 1952ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டம் பொது இடத்தில் திரையிடுவதற்கு. ஓ.டி.டி.க்கு 2021இல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள்தான். நிறுவனமே வயது வகை பிரித்துப் போட வேண்டும், புகார் வந்தால் மூன்று படிகளில் விசாரிக்க வேண்டும். தியேட்டர் படங்களுக்கும் 2023 திருத்தத்தில் 'யுஏ' 7+, 13+, 16+ என்று வயது பிரித்திருக்கிறார்கள். வெட்டுவதை விட வயது சொல்வது நல்லது என்பது என் கட்சி.

கேள்வி: அப்படியானால் சென்சாரே வேண்டாம் என்கிறீர்களா? (அதே ஈரோட்டிலிருந்து, வேறொரு வாசகர்)

பதில்: பத்திரிகைக்கு முன்தணிக்கை இல்லை, புத்தகத்துக்கு இல்லை, சினிமாவுக்கு மட்டும் ஏன் என்று 1970இல் இயக்குநர் கே.ஏ. அப்பாஸ் கேட்டார். சின்ன ஆவணப் படம் ஒன்றுக்காக. கல்கத்தா, பம்பாய், டெல்லி, நம் சென்னை என நான்கு நகரங்களில் மாளிகையையும் குடிசையையும் அடுத்தடுத்து வைத்துக் காட்டும் படம். பம்பாயின் சிவப்பு விளக்குத் தெருவும் சில நொடிகள் வரும். 'யு' கேட்டார், 'ஏ' கொடுத்தார்கள். அவர் உச்ச நீதிமன்றம் போனதும் அரசு வழக்கின் நடுவே 'யு' கொடுத்துச் சமாதானம் பேசப் பார்த்தது. அப்பாஸ் மசியவில்லை, தணிக்கை முறையையே எதிர்த்து மனுவைத் திருத்தினார். எனக்கு அந்த மனிதர் மேல் அளவு கடந்த மரியாதை, தன் படத்துக்கு வழி கிடைத்தும் அடுத்தவன் படத்துக்காக நின்றார்.

தோற்றார். சினிமா மற்ற எந்த ஊடகத்தையும் விட மனத்தை ஆழமாகத் தொடும், அதனால் முன்தணிக்கை செல்லும் என்றார் தலைமை நீதிபதி ஹிதாயத்துல்லா. ஆனால் பாலியல் வன்முறையோ தொழுநோயோ ஒழுக்கக்கேடோ திரையில் வருவதே குற்றமல்ல, அதை எப்படிக் கையாண்டிருக்கிறார்கள் என்று பார்த்துத்தான் கத்தரியை எடுக்க வேண்டும் என்றும் சேர்த்து எழுதினார். அந்த வழக்கின் விளைவாகத்தான் பின்னாளில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் வந்தது. 'பேண்டிட் குயின்' படத்துக்குச் சான்றிதழ் கொடுத்ததே அந்தத் தீர்ப்பாயம்தான். 2021இல் அதைக் கலைத்துவிட்டார்கள். இனி சென்சாரோடு தகராறு என்றால் நேரே உயர் நீதிமன்றம். பெரிய கம்பெனிக்கு அது செலவுக் கணக்கில் ஒரு வரி. கடன் வாங்கி முதல் படம் எடுத்த பையன் வட்டி ஏறுவதைப் பார்த்துப் பயந்து, சொன்ன இடத்தில் வெட்டிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவான். தணிக்கை வேண்டுமா வேண்டாமா என்ற பெரிய விவாதத்தை விட இந்தப் பையனைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன்.

கேள்வி: தீர்ப்புகள் எல்லாம் சரி. 'விஸ்வரூபம்' கதை என்ன ஆயிற்று? உங்கள் 1989 தீர்ப்பு அப்போது எங்கே போயிற்று? (ஒரு வாசகர், சென்னை)

பதில்: நெற்றியில் அடித்தது போலக் கேட்டிருக்கிறீர்கள். 2013 ஜனவரி. சென்சார் சான்றிதழ் இருந்தும், மாவட்ட ஆட்சியர்கள் 144 தடை உத்தரவு போட்டுத் தமிழ்நாடு முழுக்கப் படத்தை நிறுத்தினார்கள். உயர் நீதிமன்றத் தனி நீதிபதி தடையை விலக்கினார், அடுத்த நாளே இரு நீதிபதிகள் அமர்வு அதை நிறுத்தி வைத்தது. கடைசியில் கோர்ட்டுக்கு வெளியே பேச்சுவார்த்தை, சில இடங்களில் ஒலியை நீக்க ஒப்புக்கொண்டு பிப்ரவரி 7ஆம் தேதி வெளியானது. தீர்ப்பு புத்தகத்தில் அப்படியே இருந்தது, படம்தான் மாறியது.

படத்துக்கு நாள் முக்கியம், சார். வழக்கில் ஜெயிக்க மூன்று வருஷம் ஆனாலும் ஜெயித்தது ஜெயித்ததுதான் என்பது நில வழக்குக்குச் சரி. பொங்கலுக்கு வர வேண்டிய படம் ஆடியில் ஜெயித்து என்ன பயன்? இதை உச்ச நீதிமன்றம் சரியாகப் புரிந்துகொண்டது 2019இல் என்று நினைக்கிறேன். 'பவிஷ்யத்தேர் பூத்' என்ற வங்காளப் படம், அனிக் தத்தா இயக்கியது. வெளியான மறுநாளே கொல்கத்தா தியேட்டர்களிலிருந்து மாயமானது. எழுத்தில் தடை உத்தரவு எதுவும் இல்லை, "மேலிடத்து உத்தரவு" என்று தியேட்டர்காரர்கள் சொன்னார்கள். மேற்கு வங்க அரசு 20 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பு. பிப்ரவரியில் நின்ற படம், ஏப்ரலில் தீர்ப்பு, இரண்டே மாதம். பேசுகிறவனைப் பாதுகாக்காமல் விட்டால் அரசு தன் கஜானாவிலிருந்து பணம் எடுத்து வைக்க வேண்டும் என்பது எனக்குத் தெரிந்து இந்த விஷயத்தில் கிடைத்த உருப்படியான மருந்து.

கேள்வி: படம் வந்து மூன்று நாளைக்கு விமர்சனமே கூடாது என்று தயாரிப்பாளர்கள் கோர்ட்டுக்குப் போனார்களே? (யூடியூபில் விமர்சனம் செய்யும் இளைஞர், சேலம்)

பதில்: 2024 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தில். இடைக்காலத் தடை கிடைக்கவில்லை, விமர்சனமும் கருத்துரிமைதான். தயாரிப்பாளரின் வலி எனக்குப் புரிகிறது, மேலே கடன் வாங்கிய பையனைப் பற்றி எழுதியவன்தான் நான். ஆனால் சென்சார் வந்தால் பேச்சுரிமை தரும் பிரிவு 19 என்றும், விமர்சனம் வந்தால் தடை என்றும் கேட்க முடியாது. ஒரே உரிமைதான் இருவருக்கும். காசு வாங்கிக்கொண்டு ஒரு படத்தைக் கொல்வதும், பார்க்காமலே பார்த்ததாகச் சொல்வதும் வேறு, அவதூறுக்குத் தனிச் சட்டம் இருக்கிறது. தம்பி, திருச்சி மாணவிக்குச் சொன்னது உங்களுக்கும்தான்: இடைவேளையில் வீடியோ போடாதீர்கள், முழுசாகப் பாருங்கள்.

கேள்வி: 'ஜெய் பீம்' பார்த்துவிட்டுத்தான் சட்டம் படிக்கச் சேர்ந்தேன். ஆட்கொணர்வு மனுவில் உண்மையிலேயே அப்படிக் குறுக்கு விசாரணை நடக்குமா? (சட்ட மாணவர், விருத்தாசலம்)

பதில்: உங்கள் ஊர்ப் பக்கத்துக் கதை அது. 1993இல் விருத்தாசலத்துக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து போலீஸ் பிடித்துப் போனவர் திரும்பவில்லை, மனைவி சென்னைக்கு வந்தார், பின்னாளில் நீதிபதியான சந்துரு அன்றைக்கு வக்கீலாக அவருக்காக நின்றார். நிஜத்தில் அந்தக் குடும்பம் குறவர் சமூகம், படத்தில் இருளர் என்று மாற்றினார்கள். அந்த மாற்றம் எனக்கு உறுத்துகிறது, யார் பட்ட அடியோ அவர்கள் பெயரிலேயே இருந்திருக்க வேண்டும். மற்றபடி லிஜோமோள் ஜோஸ் செங்கேணியாக நடந்து வரும் அந்த நடை ஒன்று போதும், வயிற்றில் பிள்ளை, கையில் பிள்ளை, பின்னால் போலீஸ் ஜீப், அவள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஆட்கொணர்வு மனு, அதாவது பிடித்துப் போனவரைக் கோர்ட்டில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லும் மனு, பெரும்பாலும் பிரமாணப் பத்திரங்களை வைத்தே முடியும், சாட்சி விசாரணை அபூர்வம். அபூர்வம்தான், இல்லவே இல்லை என்றில்லை. படத்திலேயே ராஜன் வழக்கை மேற்கோள் காட்டுவார்களே, கவனித்தீர்களா? கோழிக்கோடு பொறியியல் கல்லூரி மாணவர் ராஜன், நெருக்கடி நிலைக் காலத்தில் 1976 மார்ச் 1ஆம் தேதி போலீஸ் பிடித்துப் போனது. அப்பா ஈச்சர வாரியர் ஒரு வருஷம் அலுவலகம் அலுவலகமாக மனுவோடு அலைந்தார். ஏன் கோர்ட்டுக்குப் போகவில்லை? போக முடியாது. 1976 ஏப்ரலில் ஏ.டி.எம். ஜபல்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் நாலுக்கு ஒன்று என்ற கணக்கில், நெருக்கடி நிலையில் ஆட்கொணர்வு மனுவே போட முடியாது என்று சொல்லிவிட்டது. மாற்றுத் தீர்ப்பு எழுதியவர் எச்.ஆர். கன்னா ஒருவர்தான், அதற்கு விலையாகத் தனக்கு வர வேண்டிய தலைமை நீதிபதி பதவியை இழந்தார். அந்தத் தீர்ப்பைத் தவறு என்று உச்ச நீதிமன்றமே சொல்ல 2017 வரை ஆனது, தனியுரிமை பற்றிய புட்டசாமி வழக்கில்.

நெருக்கடி நிலை விலகிய சில நாட்களிலேயே, 1977 மார்ச்சில், வாரியர் கேரள உயர் நீதிமன்றத்தில் மனுப் போட்டார். சாட்சிகளை விசாரித்தார்கள். ராஜன் போலீஸ் காவலில் இருந்தது உண்மை என்று நீதிமன்றம் கண்டது, ஆளைக் கொண்டு வா என்றது. கொண்டுவர ஆள் இல்லை. முதல்வர் கருணாகரன் ராஜினாமா செய்தார். மகனின் உடல்கூட அப்பாவுக்குக் கிடைக்கவில்லை.

'ஜெய் பீம்' பார்த்தவர்கள் அடுத்ததாக 'பிறவி' என்ற மலையாளப் படத்தைப் பாருங்கள். ஷாஜி என். கருண், 1988. இந்தச் சம்பவத்தின் நிழலில் எடுத்த படம். அதில் கோர்ட் காட்சி கிடையாது, வாதம் கிடையாது, அடிக்கிற காட்சிகூடக் கிடையாது. வயதான அப்பாவாக பிரேம்ஜி. மகன் வருவான் என்று தினமும் படகில் ஆற்றைத் தாண்டிப் பேருந்து நிற்கும் இடத்துக்கு வருகிறார், கடைசிப் பேருந்தும் போன பிறகு மழையில் திரும்பிப் போகிறார். வகுப்பில் ஏ.டி.எம். ஜபல்பூர் பாடம் எடுக்கும் நாளுக்கு முந்தின ராத்திரி பாருங்கள்.